ஊசியில் இல்லாத தூசி

ஆலங்குடாவில் ஒரு வீட்டு வாசலில் மீன் நிறுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஹனீபா நாநாவின் பெயரைச் சொல்லி, மௌத்து, காலமாகிவிட்டார் என்றது. வேறு ஹனீபாவாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அன்று காலையில்கூட பள்ளிவாசல்துறையில் என் மீனை முகர்ந்து பார்த்து, நேற்றையது என்று ஏசியவர் அவர்.

உங்களுக்கெல்லாம் அவர் போட் இஞ்சின் திருத்துகிறவர். எனக்கு இசைத்தட்டுக்காரர். மனைவி போய்ச் சேர்ந்து, பிள்ளைகளும் வெளிநாடு போன பிறகு, அந்த வீட்டில் வாய் திறந்தது அந்தப் பழைய பாட்டுப் பெட்டி மட்டும்தான். என் வீட்டிலும் ஆளில்லை. அதனால்தான் நான் ஊரெல்லாம் கதைத்துத் திரிகிறேன்.

முதல் நாள் போனபோது சோறு தின்னும் பீங்கான்களெல்லாம் தரையில் இருந்தன. அவை இருக்க வேண்டிய தாங்கியில் இசைத்தட்டுகள் வரிசையாக நின்று காய்ந்தன. எதில் கறி ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. போத்தலில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரால் இன்னொன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குக் குடிக்கத் தந்தது கிணற்று உவர்த் தண்ணீர்.

"கிணத்துத் தண்ணி காஞ்சா உப்பு நிண்டுரும். பொறகு ஊசிதான் அதத் திங்கணும்" என்றார்.

பாட்டுப் பெட்டியின் ஊசியில் ஒரு பஞ்சு இழை தெரிந்தது. உதவி செய்கிறேன் என்று உடுத்திருந்த சாரன் நுனியைக் கொண்டுபோனேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கிழவனுக்கு அவ்வளவு பலம்.

"கடைசி ஊசி தம்பி. இது முறிஞ்சா இந்த வீட்டுல சத்தமே இல்ல."

பிறகு சின்னப் பிரஷ்ஷைக் காட்டினார். பின்னாலிருந்து முன்னால் மட்டும். அழுத்தக் கூடாது, குறுக்கே இழுக்கவே கூடாது.

அவருக்குக் கண் மங்கியதும் பிரஷ் என் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தால் நான்தான் ஊசி பார்க்கிற டொக்டர். துடைக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வராது. இன்னும் தூசி இருக்கிறது நாநா, மீன் செதில் மாதிரி ஒட்டியிருக்கிறது என்று புளுகுவேன். சரி துடை என்பார். மாலை அஸர் தொழுகை வரைக்கும் துடைப்பேன்.

ஒரு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் மெதுவாகச் சொன்னார்:

"தூசி இருந்தா என் காது சொல்லும் தம்பி. துடைச்சது போதும். இரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனேன். அடுத்த வெள்ளியும் தூசி இருக்கிறது என்றேன். சரி துடை என்றார்.

ஜனாஸா அடக்கத்துக்கு வந்த மகன் பாட்டுப் பெட்டியையும் இசைத்தட்டுகளையும் என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். வாப்பா சொல்லி வைத்திருந்தாராம். இப்போது என்னிடம் இருப்பவை அவையும், அந்தப் பிரஷ்ஷும், அரைப் போத்தல் மழைத் தண்ணீரும்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஊசியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இன்னும் தூசி இருக்கிறது நாநா என்று சத்தமாகவே சொன்னேன். துடை என்று சொல்ல ஆளில்லை. அஸர் வரைக்கும் துடைத்தேன்.