நாற்பத்தோராம் நட்சத்திரத்தின் இரண்டாம் சாட்சி

பண்டத்தரிப்பில் ஜெயனி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், அவளுடைய மாமியாருக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. "கொம்பியூட்டரிலை வெள்ளி பாக்கிறா" என்பார். அது பிழையுமில்லை.

காலையில் கணவன் சுபாஸ் தண்ணீர்ப் பம்பு திருத்தப் புறப்பட்டுப் போனதும், அவள் முன்னறை யன்னல் சீலைகளை இழுத்துவிட்டுத் திரைக்கு முன்னால் உட்காருவாள். வெளியே வெங்காயத் தோட்டத் தறைகளில் வெயில் கொளுத்தும். உள்ளே திரையில் சிலி நாட்டு மலையொன்றின் நடுராத்திரி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே தொலைநோக்கி பிடிக்கும் ஒளிப்பட்டைகள் ஒவ்வொன்றாக அவளிடம் வந்துசேரும்.

அவள் பார்ப்பது ஒரே காலத்தில் பிறந்து கூட்டமாக நிற்கும் நட்சத்திரங்களை. அவற்றில் வயதேறி வீங்கிப் பெருத்தவைதான் அவளுடைய பங்கு. ரோகிணிக் கூட்டத்தில் அப்படிப்பட்ட நட்சத்திரமொன்றைச் சுற்றிக் கோள் இருப்பதை முன்பே கண்டிருக்கிறார்கள். வேறு கூட்டங்களிலும் இருக்கிறதா என்று தேடுவதுதான் அவளுக்கு வேலை கொடுத்த வெளிநாட்டு ஆய்வுக்குழுவின் நோக்கம். கோள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுற்றும்போது அது நட்சத்திரத்தையும் இழுக்கும். நட்சத்திரம் எங்களை நோக்கிக் கொஞ்சம் வரும், பிறகு விலகிப் போகும். ஒளிப்பட்டையிலுள்ள கறுத்தக் கோடுகள் மயிரிழையளவு நகர்வதை வைத்து அதைப் பிடிக்கலாம். வரும்போது வேக எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி, போகும்போது கூட்டல் குறி.

ஒவ்வொரு பட்டையையும் இரண்டு பேர் தனித்தனியே அளக்க வேண்டும். ஒருவரின் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது, ஒருவரோடொருவர் கதைக்கவும் கூடாது. இரண்டாவது ஆள் குருநகரில் இருக்கும் லெனாட் என்பவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். இருவரும் பதிந்த பிறகே பதிவேடு திறக்கும். அதில் அவருடைய எண்ணுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு சொற்கள் இருக்கும்: "பார்த்தேன். சரி."

ஐந்தாவது வருடத்தில், பட்டியலில் நாற்பத்தோராம் நட்சத்திரம் அசைவது தெளிவாயிற்று. ஐநூற்று எண்பது நாளுக்கொருமுறை போய்வந்தது. முதலில் கரடுமுரடாயிருந்த அலை கடைசிப் பதினொரு மாதத்தில் வரைந்துவைத்ததுபோல அழகாக வந்து விழுந்தது. குழுத்தலைவியான பேராசிரியை கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார். சுபாஸ் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

வைகாசி மாதம் ஒருநாள் ஜெயனிக்குக் கை தவறிற்று. கழித்தல் முப்பத்தெட்டு என்று போட வேண்டியதைக் கூட்டல் முப்பத்தெட்டாகப் போட்டுவிட்டாள். அவளுக்குப் பதற்றமில்லை, லெனாட்டின் எண் வேறாக வரும், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவார்கள். பன்னிரண்டு மணிக்கு அவருடைய பதிவு வந்தது.

கூட்டல் முப்பத்தேழு தசம் ஆறு. பார்த்தேன். சரி.

ஒருவர் தவறலாம். அதே நட்சத்திரத்தில், அதே நாளில், அதே தவறை இன்னொருவர் எப்படி விடுவார்? அவள் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். முன்பெல்லாம் இருவருக்குமிடையில் ஆறு, ஏழு வித்தியாசம் வரும். போன ஆனிக்குப் பிறகு ஒன்றைத் தாண்டவில்லை. பதிவு வந்த நேரம் எந்த நாளிலும் சரியாகப் பன்னிரண்டு. பெரிய வெள்ளியன்றும் பன்னிரண்டு. யேசு பிறந்த நத்தாரன்றும் பன்னிரண்டு.

மறுநாள் சிலி மலையை மேகம் மூடி, ஒன்றுமே விழாத வெறும் கறுப்புப் படமொன்று வந்தது. அதை ஒதுக்கிவிடுவதுதான் முறை. ஜெயனி அதற்கு நூறு என்று பதிந்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வீட்டு வளவில் காகம்கூடக் கத்தவில்லை. உச்சிப்பொழுது ஆயிற்று.

தொண்ணூற்றொன்பது தசம் நாலு. பார்த்தேன். சரி.

சாப்பிட வந்த சுபாஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். "என்ன, பேயறைஞ்சமாதிரி இருக்கிறீர்?"

"ஒண்டுமில்லாத படத்தைப் பாத்திட்டு ஒருத்தர் சரியெண்டு எழுதுறார்" என்றாள் ஜெயனி. "நான் என்ன சொன்னாலும் சரியெண்டுறார்."

அன்றே பேராசிரியைக்கு எழுதி விலாசம் வாங்கினாள். அடுத்த நாள் ஒன்றும் பதியாமல் சுபாஸின் மோட்டார் சைக்கிளில் குருநகர் போனார்கள். கடலோர ஒழுங்கையில், வலை காயப்போட்டிருந்த மதிலைத் தாண்டி வீடு. கதவைத் திறந்தவர் லெனாட்டின் மனைவி எமல்டா.

"லெனாட் சேரைப் பாக்கோணும், அன்ரி. நானும் அவரும் ஒரே வேலை" என்றாள் ஜெயனி.

எமல்டா அவளை உற்றுப் பார்த்தார். "அவர் கண்ணை மூடிப் பதினொரு மாசம், பிள்ளை."

சுபாஸ் ஜெயனியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ளை வாங்கோ" என்றார் எமல்டா. "நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கிறியள். அவர் வாற நேரம்."

பின்னறையில் மேசை, ஒரு கதிரை, அணைக்கப்படாத கணினி. கதிரையின் முதுகில் மடித்துப் போட்ட அவருடைய சேட்டு. எமல்டா சுவரோரமாகக் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டார். பன்னிரண்டு அடித்ததும் கணினியின் காற்றாடி இரைந்தது. ஆளில்லாத கதிரைக்கு முன்னால் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எமல்டா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தக் கணினியில் இருந்ததை வாசித்தறிய ஜெயனிக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு லெனாட்டுக்குக் கண் மங்கிவிட்டது. கோடுகளைப் பார்க்க முடியவில்லை. வேலையை விடவும் மனம் வரவில்லை. ஆகவே ஒரு சிறு நிரல் எழுதினார். அது ஜெயனியின் எண்ணைத் திருட்டுத்தனமாக எடுக்கும், மனிதக் கை அளந்ததுபோல் சிறிது கூட்டிக் குறைக்கும், உச்சிப்பொழுதில் அனுப்பிவிடும். எழுதிய சில நாளிலேயே போய்விட்டார்; நிறுத்துவதற்கு அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

பதினொரு மாதமாக ஜெயனி தன் குரலையே கேட்டுத் தலையாட்டியிருக்கிறாள். அவளுடைய சாய்வைத் தட்டிக்கேட்க ஆளில்லாததால்தான் அலை அவ்வளவு அழகாக வந்தது.

"அவர் ஏதும் பிழை விட்டவரோ?" என்று எமல்டா கேட்டார்.

ஜெயனிக்குப் பொய் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. "ஓம் அன்ரி. ஆனா கண் ஏலாமல் விட்ட பிழை."

"அப்ப இதை நிப்பாட்டப் போறியளோ?"

ஜெயனி அந்த வாங்கைப் பார்த்தாள். ஒருவர் தினமும் வந்து இருந்திருந்து அதன் நடுப்பலகை மினுங்கியது. அவள் இணைய வயரை மட்டும் கழற்றிச் சுற்றி மேசையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பேராசிரியைக்கு எல்லாவற்றையும் எழுதினாள். கட்டுரை நின்றது. அந்தப் பதினொரு மாத இரண்டாம் அளவைகளை முழுதாக நீக்கினார்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு எமல்டா தொலைபேசியில் அழைத்தார். "இண்டைக்கும் எழுதினது, பிள்ளை. ஒவ்வொரு நாளும் தொண்ணூற்றொன்பது எண்டுதான் எழுதுது."

கடைசியாக எடுத்த எண்ணையே அது திருப்பித் திருப்பிச் சொல்கிறது என்று ஜெயனி விளக்கினாள். அந்த எண் எந்தப் படத்துக்குரியது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து அவள் உச்சிப்பொழுதில் முன்னறையில் தனியாக இருப்பதில்லை, குசினியில் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

புதிய இரண்டாம் ஆள் போலந்திலிருந்த ஒரு பெண். கண்ட நேரத்தில் பதிவாள்; ஜெயனியோடு பத்து, பன்னிரண்டு வித்தியாசப்படுவாள். மேலும் இரண்டு வருடம் அளந்தார்கள். கோள் நட்சத்திரத்தை எங்கள் பக்கம் இழுக்க வேண்டிய மாதத்தில் அது விலகிப் போனது. கோடுகளின் வடிவமே மாறிமாறி வந்தது. முதிய நட்சத்திரம் தானாக விம்மித் தணிந்ததைத்தான் எல்லோரும் கோளென்று நம்பியிருந்தார்கள்.

அதைச் சொல்ல ஜெயனி குருநகருக்குப் போனாள். பின்னறையில் இப்போது தையல் மெசின் இருந்தது. கணினி மழைக்காலத்தில் ஒருநாள் தானாக நின்றுவிட்டதாம். எமல்டா ஆளைக் கூப்பிட்டுத் திருத்தவில்லை.

"அப்ப அங்கை ஒண்டுமே இருக்கேல்லையோ?" என்று எமல்டா கேட்டார்.

"இல்லை, அன்ரி."

எமல்டா தையல் மெசினின் மூடியைக் கவிழ்த்துவிட்டு எழுந்து, "விளைமீன் குழம்பு வைச்சனான். இருந்து சாப்பிட்டிட்டுப் போம்" என்றார்.