பதினாலாவது ஆள்: கொல்லிமலையில் ஒரு தீ ஒத்திகை

கொல்லிமலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் தீ ஒத்திகை நடத்தப் போனேன். அதுதான் என் பிழைப்பு. மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பக்கம், மிளகு சுத்தம் செய்து மூட்டை கட்டும் சின்னக் கூடம். பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். முதலாளி ரஹீம் பாய் அடிவாரத்துக்காரர். தை மாதக் கடைசியில் கூப்பிட்டார்.

நாமக்கல்லில் காலை ஆறே காலுக்குப் பேருந்து, நாற்பத்தெட்டு ரூபாய். காரவள்ளி தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலுக்கு வெளியே பனிக்குள் மரங்கள் வருவதும் போவதுமாக இருந்தன. தூங்கினேனா, விழித்திருந்தேனா, சத்தியமாகத் தெரியாது. செம்மேட்டில் வேறு பேருந்து மாறிப் போய்ச் சேரும்போது மணி பத்து.

பதினொன்றுக்கு மணியடித்தேன். பெண்கள் பேசிக்கொண்டே வெளியே வந்து, நாற்பது அடி தள்ளிப் பலாமரத்தடியில் நின்றார்கள். பனியில் முகம் தெரியவில்லை, சேலை நிறம்தான் தெரிந்தது. எண்ணினேன், பதின்மூன்று. மறுபடி எண்ணினாலும் பதின்மூன்றுதான்.

"மூணே நிமிசத்துல காலிங்க," என்றார் பாய், கையில் சாவியோடு.

"கதவை ஏன் பூட்டினீங்க?"

"ஆளுக வெளிய வந்தா பூட்டிருவேனுங்க. உள்ள அம்புட்டு மிளகு கெடக்குதுங்களே."

"ஏனுங்க, காவேரியக் காணோமுங்க," என்றார் மூட்டை தைக்கும் சின்னப்பொண்ணு. "பின்னாடி ரூம்புல தூத்துற மெசின் ஓட்டிட்டு இருந்தா."

நெருப்பே இல்லை, தெரியும். ஆனாலும் கதவுக்கு ஓடினோம். பாய்க்கு இரண்டு தடவை சாவி நுழையவில்லை. பின்னறையில், தூசி தூற்றும் மெஷினின் காற்றாடிச் சத்தத்தில் காவேரி மிளகைக் கொட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார்.

"மணி அடிச்சீங்களா? கேக்கலீங்களே. எல்லாரும் சோத்துக்குப் போயாச்சுங்களா?"

பாய் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

மலைக்குப் போகிறவர்கள் சால்வை எடுத்துப் போங்கள். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள், மெஷின் ஓடும்போதும் மணி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் கண்ணில் படுகிற மாதிரி விளக்கு வையுங்கள். வெளியே வந்ததும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உள்ளே யாரும் இல்லை என்று உறுதியாகும்வரை எந்தக் கதவையும் பூட்டாதீர்கள்.

இரண்டரைக்கு மறுபடி ஒத்திகை. பின்னறை வாசலில் ஒரு சிவப்பு விளக்கை மாட்டியிருந்தோம். இந்தத் தடவை பதிவேட்டைப் பாயிடமே கொடுத்தேன். பனி இன்னும் இறங்கியிருந்தது. எதிரில் யாருமே தெரியவில்லை. ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார்.

"காவேரி."

"இருக்கேனுங்க."

அடுத்த பெயருக்குப் போகாமல் நின்றார்.

"இன்னொருக்காச் சொல்லு கண்ணு."

"இருக்கேனுங்க பாய்."