கேள்வி கேட்காத காசு

போன வருடத் தொடக்கத்தில் நானும் கணவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மாதம் ஐயாயிரம் ரூபாயை அவரவர் சம்பளத்திலிருந்து தனக்கென்று எடுத்துக்கொள்வது. வீட்டுக்கோ மகளின் கம்பஸ் படிப்புச் செலவுக்கோ அதிலிருந்து ஒரு சதமும் போகக்கூடாது. என்ன வாங்கினாய் என்று மற்றவர் கேட்கவும் கூடாது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைத்து, மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கொப்பிகளை மாற்றிப் பார்ப்பது. காசு யோசனை என்னுடையது. கொப்பி யோசனை அவருடையது. அரச அலுவலகமொன்றின் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருப்பவருக்கு எழுதாத செலவு செலவே இல்லை.

அந்த ஞாயிறு வந்தது. காலையில் பிட்டு சாப்பிட்ட கையோடு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கொப்பியைத் திறந்தார். முதல் மூன்று மாதமும் அவர் எதிர்பார்த்தபடியே இருந்தன. தலைமுடிச் சாயம், பள்ளிக்கூட அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்களுடன் ஐஸ்கிறீம், ஒரு சேலை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு பிளவுஸ். சித்திரைக்கு வந்ததும் அவருடைய விரல் நின்றது.

"இதென்ன, கல்குடா பஸ், கல்குடா பஸ் எண்டு பக்கம் முழுக்கக் கிடக்கு?"

"அங்க என்ட சிநேகிதி இரிக்காள்தானே. சனிக்கிழமையில போறன் எண்டு சொன்னனே."

"அது தெரியும். இந்தத் தண்ணிக் கண்ணாடி என்னத்துக்கு? ஆயிரத்தெண்ணூறு ரூபா!"

"நீந்தப் பழகினன்."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள் நான். அந்த வருடம் தை மாதத்தில் மண்டூரில் ஒரு கல்யாணத்துக்காக வாவியைப் படகில் கடந்தோம். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கணவருடைய கை என்று நினைத்து வேறொருவர் கையை அக்கரை வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கரை தட்டியதும் அந்த மனிதர் மெதுவாக, "தங்கச்சி, கைய விடுங்க, நான் சைக்கிள இறக்கணும்" என்றார். கல்யாண வீடு முழுக்க இதே பேச்சு. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் என் கணவர்தான்.

சித்திரையில் கடல் அடங்கியதும் கல்குடாவுக்குப் போகத் தொடங்கினேன். சிநேகிதி மீன்பிடிக் குடும்பத்துப் பெண், நடக்கத் தொடங்கிய வயதிலேயே நீந்தத் தொடங்கியவள். இடுப்பளவு தண்ணீரில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு, "வானத்தப் பாரு. கால விடு. என்ட கழுத்த முதல்ல விடு!" என்பாள். ஆறாவது சனிக்கிழமை அவள் கையை எடுத்ததே தெரியாமல் மிதந்துகொண்டிருந்தேன். தெரிந்த கணமே மூழ்கி வயிறு நிறைய உப்புத்தண்ணீர் குடித்தேன். ஆடி முடிவதற்குள், நங்கூரம் போட்ட ஒரு தோணியிலிருந்து அடுத்த தோணி வரைக்கும் போய்வர முடிந்தது.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க சிரிப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. "கால் எட்டாத இடத்திலயும் நீந்துவியா?"

"ஓம்."

பக்கத்தை இன்னொரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். "நல்ல செலவு" என்றார். கணக்குப் பிரிவிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

பிறகு நான் அவருடைய கொப்பியைத் திறந்தேன். சிவப்புப் பேனையால் அளவெடுத்துக் கோடு போட்டிருந்தார். தை, சலூன். மாசி, சலூன், இரண்டு கட்லட். பங்குனி, சலூன். மார்கழி வரைக்கும் இப்படியே. கடைசியில் இரட்டைக்கோடு போட்டு, மீதி ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்.

"பாத்தியா, எவ்வளவு மிச்சம்!"

"ஏன் மிச்சம் பிடிச்ச நீங்க? இது செலவழிக்கிறதுக்கு எடுத்த காசுதானே?"

முகத்தில் இருந்த பெருமை மெல்ல இறங்கியது. "செலவழிக்கத்தான் பாத்தன். ஒவ்வொரு மாசமும் கடைத்தெருவுக்குப் போவன், எல்லாத்தையும் பாப்பன், திரும்பி வருவன். எனக்கு என்ன வேணும் எண்டு எனக்கே தெரியல்ல."

தங்கைமாரின் கல்யாணம், வெள்ளத்துக்குப் பிறகு கூரை, மகளின் படிப்பு என்று அவருடைய காசுக்கு எப்போதும் ஒரு வேலை காத்திருந்தது. வேலையில்லாத காசை அவர் கண்டதேயில்லை.

"நாளைக்கு அரைநாள் லீவு போடுங்க. ரெண்டு பேரும் கடைக்குப் போறம்" என்றேன்.

மறுநாள் நகரத்தில் முதல் கடையிலேயே தண்ணீர்ப் பம்ப் ஒன்றைக் கையில் எடுத்தார். "அது வீட்டுக்கு" என்றேன். வைத்துவிட்டார். அடுத்த கடையில் தோள்பை. "அது மகளுக்கு." அதையும் வைத்துவிட்டார். குடை ஒன்றை நல்லாயிருக்கிறது என்று எனக்கு விரித்துக் காட்டியபோது கடைக்காரரே சிரித்துவிட்டார். வெயில் ஏற ஏற இருவருக்கும் அலுப்பாக இருந்தது. நிழலுக்காகத்தான் விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு பட்மின்டன் மட்டையை எடுத்து மணிக்கட்டை இரண்டு தரம் சுழற்றினார். மூன்றாவது தரம் காற்று விசிலடித்தது.

"உங்களுக்கு விளையாடத் தெரியுமா?"

"பள்ளிக்கூட டீமில இருந்த நான். பிறகு மைதானத்துக்குள்ள ஆமிக் காம்ப் வந்திட்டு. அதோட விட்டாச்சு."

கல்யாணம் செய்து இருபத்திமூன்று வருடம். இந்தக் கதையை அன்றுதான் கேட்கிறேன்.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு" என்றார், சத்தம் குறைவாக. கடைக்காரர் கேட்ட பதினோராயிரத்தை விலை பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.

இப்போது செவ்வாயும் வியாழனும் பின்னேரங்களில் அலுவலகத்து இளைஞர்களுடன் விளையாடப் போகிறார். முதல் நாள், எங்கள் மகளின் வயதுள்ள ஒரு பெண்பிள்ளையிடம் இருபத்தொன்றுக்கு நாலு என்று தோற்றுவிட்டு, வேர்வை வழிய நேரே நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார். தோற்ற இருபத்தொன்றைப் பற்றி ஒரு பேச்சில்லை. அந்த நாலையும் ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார்.

"மூணாவது பொயின்டக் கேளன். அவள் பின்னுக்கு நிக்காள், நான் மெல்லமாத் தட்டினன், இப்பிடி!"

மட்டைக்குப் பதிலாக என் அகப்பை அவர் கையில் இருந்தது. நாலாவது பொயின்டுக்கு அது கைதவறிப் போய்ச் சொதிச் சட்டிக்குள் விழுந்தது. அவர் கவனிக்கவேயில்லை. வெறுங்கையை ஓங்கி இன்னொரு தரம் அடித்துக் காட்டினார்.