ஒரு ஷூட்டரும் ஒஷாவாவின் பிக்கும்

ஆட்களைப் பண்டம் போல மாற்றிக்கொள்வது எனக்குப் பிடிக்காது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, ஒரு பனிக்காலம் முழுவதும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதுவும் முழு மனதோடு. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வெற்று பஸ்ஸைத் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு, பஸ் பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு இழுப்பேன். இடப்பக்கம் நான் கொடுக்கப்போகும் ஆள். வலப்பக்கம் எனக்கு வரப்போகும் ஆட்கள். மத்தியானம் பிள்ளைகளை ஏற்றப் போகும்வரை அந்தத் தாளோடுதான் என் பொழுது போகும்.

எங்களுடையது ஞாயிற்றுக்கிழமை லீக். அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஜிம்மை வாடகைக்கு எடுத்து ஆறு பெண்கள் அணிகள் கூடைப்பந்து ஆடுகிறோம். எல்லாரும் தமிழ்ப் பெண்கள். இருபது வயதுக்காரியும் இருக்கிறாள், ஐம்பதைத் தாண்டியவரும் இருக்கிறார். நான் ஓர் அணியின் கப்டன். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஓர் அதட்டலில் இருத்தத் தெரிந்தவளுக்கு எட்டுப் பெண்கள் என்ன பெரிய வேலையா என்று என்னைத் தெரிவு செய்தார்கள். எங்கள் அணிதான் கடைசி. போன தொடரிலும் கடைசி, அதற்கு முந்தின தொடரிலும் கடைசி. இதை மறைக்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

கடைசியாக வருவதில் ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு தொடரும் தொடங்கும்போது புதிதாக வரும் பெண்களைக் கப்டன்கள் முறை வைத்துத் தெரிவு செய்வோம். கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை, வென்ற அணிக்குக் கடைசி முறை. அந்த முறையைத்தான் எல்லாரும் பிக் என்கிறார்கள். ஓர் ஆளைக் கொடுத்து இன்னோர் ஆளை வாங்கலாம்; அதற்கு ட்ரேட் என்று பெயர். ஆளுக்குப் பதிலாக அடுத்த தொடரின் பிக்கையும் கொடுக்கலாம், அதற்கும் அடுத்த தொடரின் பிக்கையும் கொடுக்கலாம். இதையெல்லாம் விதியாக எழுதியவர்கள், மாற்றப்படும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. இரண்டு கப்டன்கள் தலையாட்டினால் போதும்.

எங்கள் அணியில் நெட்டையக்கா இருந்தார். அவருக்கு ஐம்பத்தொரு வயது. கேக் பெட்டிகளை அடுக்கும் தொழிற்சாலையில் வேலை. எங்கள் லீக்கில் அவரை விட உயரமான பெண் கிடையாது. ஊரில் பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணிக்குப் பந்தை வளையத்தில் போடுகிற ஷூட்டராக இருந்தவர். என் வயதில் யாழ்ப்பாணத்தில் படித்த எல்லாரையும் போல நானும் வலைப்பந்து ஆடியவள்தான். அங்கேதான் எங்கள் வினை. வலைப்பந்தில் பந்தோடு ஓடக் கூடாது. பிடித்த இடத்தில் நிற்க வேண்டும், மறிக்கிறவள் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். முப்பது வருடத்துக்குப் பிறகும் எங்கள் கால்களுக்கு அது மறக்கவில்லை. பந்து கைக்கு வந்ததும் நெட்டையக்கா ஆணி அடித்தது போல நின்றுவிடுவார். எதிரணிப் பிள்ளைகள் மொய்த்துப் பறிக்க வருவார்கள்.

"மூண்டடி தள்ளி நில்லும் பிள்ளை!" என்று அக்கா அதட்டுவார்.

"அன்ரி, இது நெட்போல் இல்லை. பவுன்ஸ் பண்ணுங்கோ!"

ஜிம் முழுக்கச் சிரிக்கும். அக்கா சிரிக்கவும் மாட்டார், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் மாட்டார்.

அந்தத் தொடரின் தொடக்கத்தில் முதல் ட்ரேட் பக்கத்து நகரமான ஒஷாவாவின் அணியிடமிருந்து வந்தது. போன தொடரில் அவர்களுக்கு எங்களோடு ஒட்டிக் கடைசிக்கு முந்தின இடம். நெட்டையக்காவை எடுத்துக்கொள்கிறோம், பதிலுக்கு ஆட இறங்காமல் வாங்கில் குந்தியிருக்கும் ஒரு பிள்ளையைத் தருகிறோம் என்றார் அவர்களின் கப்டன். சரி என்று கேட்டுக்கொண்டிருந்தால் வால் பின்னால் வருகிறது. அன்ரிக்கு வயது போய்விட்டதாம். அதனால் அவரோடு எங்கள் அடுத்த தொடர் பிக்கையும் சேர்த்துத் தர வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபத்தில் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். எங்கள் பிக் முதல் பிக். அக்காவைக் கொடுத்து, அவரை எடுத்ததற்குக் கூலியாக அதையும் கொடுப்பதா? அன்றைக்கே காரில் அக்காவிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். கொஞ்சம்தான் சிரித்தார். நான் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு காற்று மாறியது. நான் செய்ததெல்லாம் ஒன்றுதான்: அக்காவை ஓட விடவில்லை. கூடைக்குக் கீழே நிறுத்தினேன். மற்றவர்கள் உயரமாக எறிய வேண்டும், அக்கா எட்டிப் பிடிக்க வேண்டும், நின்ற இடத்திலேயே இரண்டு கையாலும் தலைக்கு மேலிருந்து போட வேண்டும். வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. அதனால் பலகையில் அடித்து விழுத்தும் பழக்கம் அக்காவுக்கு இல்லை. பந்து மேலே போய், வளையத்தைக்கூடத் தொடாமல், நேரே கீழே விழும். மொய்க்கிற பிள்ளைகள் அவருடைய முழங்கை உயரத்தில் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் மூன்று ஆட்டம் தொடர்ந்து வென்றோம். சிரித்த ஜிம் வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதி இருக்கிறதே, அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு இந்த நாட்டில் அதிகம் கிடைத்ததில்லை.

அதன் பிறகு வந்தவள் வங்கிக்காரி. தொடர்ந்து வென்றுகொண்டிருக்கும் அணியின் கப்டன். இங்கே பிறந்த பெண், வங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் லப்டொப்போடுதான் வருவாள். ஜிம்முக்கு எதிரே உள்ள கோப்பிக் கடையில் என்னை இருத்தி, திரையை என் பக்கம் திருப்பினாள். அவர்களின் வேகமான பிள்ளை ஒருத்தி, கூடவே அவர்களின் அடுத்த தொடர் பிக்.

"உங்கடை பிக் கடைசி பிக் எல்லோ. ஆறாவது ஆளை எடுத்து நான் என்ன செய்யிறது?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு அதை அழித்தாள். அடுத்ததாகப் போட்டதைப் பார்த்ததும் நான் நாற்காலியை மேசைக்குக் கிட்ட இழுத்தேன். வேகமான பிள்ளை, கூடவே ஒஷாவாவின் அடுத்த தொடர் பிக். எப்போதோ ஒரு ட்ரேட்டில் ஒஷாவாவிடமிருந்து அதை வாங்கி வைத்திருந்தாள்.

அதன் பெறுமதி எனக்குத் தெரியும். அடுத்த தொடரில் இரண்டு சகோதரிகள் சேர இருந்தார்கள். கல்லூரி அணியில் ஆடியவர்கள், ஆறு கப்டன்களும் அவர்கள் மேலேயே கண்ணாக இருந்தோம். மூன்று ஆட்டம் வென்றும் நாங்கள் இன்னும் கடைசியில்தான் இருந்தோம், ஒஷாவா எங்களுக்கு ஒருபடி மேலே. எங்கள் பிக்கில் அக்காள்காரி வருவாள். ஒஷாவாவின் பிக்கில் தங்கை வருவாள். இருவரும் என் அணியில் இருந்தால் இந்த லீக்கில் என்னைக் கடைசிக்காரி என்று சொல்ல ஒரு நாக்கு எழும்பாது.

"அன்ரிக்கு ஃபிஃப்டி வன். அடுத்த வருஷம் முழங்கால் போனா உங்களுக்கு ஒண்டும் வராது. இப்ப வித்தாத்தான் வேல்யூ," என்றாள் அவள்.

"விக்கிறதோ? அவ என்ன பழைய காரோ?"

"அன்ரி, திஸ் இஸ் ஜஸ்ட் பாஸ்கெட்போல்."

"எனக்குத் தெரியும். முடியாது."

எழும்பி வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்கத் தரிப்பிடத்தில் தாளும் கையுமாக இருந்தேன். எப்படிப் பார்த்தாலும் வலப்பக்கம்தான் கனத்தது. ஒவ்வொரு நாளும் தாளைக் கசக்கி எறிந்தேன். ஊர் உலகமே அக்காவை விலை பேச, நான் ஒருத்தி மட்டும் குறுக்கே நிற்கிறேன் என்று எனக்குள்ளே பெரிய நினைப்பு. கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே மெச்சாத குறை.

அடுத்த ஞாயிறு ஆட்டம் முடிந்து வழக்கம்போல அக்காவை வீட்டில் விடக் காரில் ஏற்றினேன். ஷெப்பர்ட் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அக்கா முன்னே பார்த்தபடி கேட்டார்:

"அந்த வங்கிப் பிள்ளை உடுப்பு மாத்திற அறையிலை எனக்குச் சொன்னவள். ஒஷாவாவின்ரை பிக்கும் ஒரு பிள்ளையும் தாறமெண்டு கேட்டவையாம். நீ வேண்டாமெண்டிட்டியாம். உண்மையோ?"

"ஓம் அக்கா. உங்களை விலை பேச அவை ஆர்? மூஞ்சையிலை அடிச்ச மாதிரிச் சொல்லிப்போட்டு வந்திட்டன்."

"என்னட்டைக் கேட்டனியோ?"

விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"ஒஷாவாக்காரர் என்னோடை பிக்கும் சேத்துத் தா எண்டு கேட்டதை அண்டைக்கே வந்து சொன்னனி. சொல்லிச் சிரிச்சனி. இதை ஏன் சொல்லேல்லை? குறைச்சுக் கேட்டதைச் சொல்லத் தெரிஞ்ச உனக்குக் கூட்டிக் கேட்டதைச் சொல்லத் தெரியேல்லையோ?"

காரை ஓரமாக ஒரு கடை வாசலில் நிறுத்தினேன். அக்கா கோபமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. குரலை உயர்த்தாமல் பேசியதுதான் இன்னும் சுட்டது.

"எனக்குக் கலியாணம் பேசேக்கை நான் அறைக்குள்ளை இருந்தனான். வெளியிலை ஆம்பிளையள் கதைக்கினம். வீடு எழுதியாச்சு, காணி எழுதியாச்சு, இன்னும் என்ன சேக்கலாம் எண்டு. பொம்பிளை நெட்டை எண்டு அதுக்கும் ஒரு துண்டுக் காணி. என்னை எடுக்கிறதுக்கு மற்றவைக்குக் குடுக்க வேண்டியிருந்தது. இஞ்சை என்னை எடுக்க அவையள் தாறமெண்டு நிக்கினம். என்ரை சீவியத்திலை இது முதல் தரம். அதை எனக்குக் காட்டாமலே நீ திருப்பி அனுப்பிப்போட்டாய்."

நான் உண்மையைச் சொன்னேன். நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்தேன் என்றேன். அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை எனக்கு நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. மற்றக் கப்டன்கள் அவரைக் கேட்காமல் வாங்கப் பார்த்தார்கள். நான் அவரைக் கேட்காமல் பூட்டி வைத்திருந்தேன். விதியில் இல்லாததை நானும் செய்யவில்லை.

"இப்ப கேக்கிறன் அக்கா. போறியளோ?"

"ஓம். போறன். எனக்கு ஒருக்கா வெல்லோணும். ஆனா," என்று என் பக்கம் திரும்பினார், "என்னை மலிவாக் குடுத்திடாதை."

அதற்கடுத்த ஞாயிறு மூன்று பேரும் கோப்பிக் கடையில் இருந்தோம். ட்ரேட் பேசும் மேசைக்கு மாற்றப்படுகிற ஆளே வந்து உட்கார்ந்தது எங்கள் லீக்கில் அதுதான் முதல் தடவை. வங்கிக்காரி அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அன்ரியும் இருக்கப் போறாவோ?"

"அவவைப் பற்றித்தானே கதைக்கிறம். வேறை எங்கை இருக்கிறது?" என்றேன்.

நான் பஸ் தாளை விரித்தேன். வேகமான பிள்ளை நல்லவள்தான், ஆனால் பரீட்சைக் காலத்தில் காணாமற்போவாள் என்றேன். இரண்டு தொடர்களாக அவள் வராத ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன். ஒஷாவாவின் பிக் சரி, ஆனால் அது மட்டும் போதாது என்றேன். வங்கிக்காரி உதட்டைக் கடித்தாள், தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். கடைசியில் திரையைத் திருப்பினாள். வேகமான பிள்ளை, ஒஷாவாவின் பிக், அதோடு அவர்களின் சொந்த அடுத்த தொடர் பிக்கும்.

"ரெண்டு பிக். ஃபைனல்," என்றாள்.

எங்கள் லீக்கில் ஓர் ஆளுக்கு இரண்டு பிக் எவரும் கொடுத்ததில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மூண்டு," என்றார் நெட்டையக்கா.

டோநட்டை இரண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அன்ரி?"

"நான் வந்தா நீங்கள் வெல்லுவியள். வெண்டா உங்கடை பிக் கடைசியிலைதான் வரும். கடைசி பிக்கைத் தந்துபோட்டு அதையும் ஒண்டாக் கணக்குப் பாக்கிறியள். அதுக்கு அடுத்த தொடர் பிக்கையும் போடும் பிள்ளை. மூண்டு."

வங்கிக்காரியின் கணக்கில் இது இல்லை. ஆனால் கணக்குத் தெரிந்தவள், அதனால் பிழை சொல்ல அவளால் முடியவில்லை. தட்டினாள். அக்கா எழும்பிக் குனிந்து திரையில் மூன்றும் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு டோநட்டின் மற்றப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா முன்சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டிக்கொண்டு வந்தார். இத்தனை நாளும் முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டுதான் வருவார். அந்தச் சீட் பின்னால் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"உங்களோடை ஆடேக்கை என்னை மறிக்க ஆரை விடப்போறாய்?" என்று கேட்டார்.

"வேறை ஆர்? நான்தான்."

என்னை உச்சியிலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட.

"அப்ப நல்லம்," என்றார். "நான் துள்ளத் தேவையில்லை."