இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரு டீக்கடை

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். சேர்ந்து இரண்டு வருஷம் முடியப் போகிறது. கல்வி அதிகாரி ஒருநாள் வந்து வகுப்பைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்று எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் கீழ்பென்னாத்தூரில் அப்பாவோடு நிலத்தில் இறங்கி மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய வேண்டியதுதான். அப்பாவுக்கு என் திறமையில் அபார நம்பிக்கை. எனக்காக ஒரு மண்வெட்டியைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வருவேன். ஒன்பது மணிக்கு வந்து சேர வேண்டிய பஸ் அது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் ஏழு நிமிஷ நடை. ஒன்பதரைக்குப் பிரேயர். பிரேயர் முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் வருவேன். தாமதமாக வருகிறவர்கள் காரணம் எழுத ஹெட்மாஸ்டர் அறையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் "பேருந்து தாமதம்" என்று எழுதி எழுதியே என் கையெழுத்து அழகானது.

அந்த வருஷம் வேலூரில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். புள்ளிவிவரத்தை வரைபடமாக்கவும் அதை அலசவும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று பயிற்சி. எனக்கு அது தேவைதான். அதுவரை பாடப்புத்தகத்தில் இருந்த சர்க்கரை ஆலையின் உற்பத்தியைத்தான் வரையச் சொல்வேன். என் ஒன்பதாம் வகுப்போ எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒரே படத்தைத்தான் போடும். இடப்பக்கம் ஏறும், நடுவில் உச்சி, வலப்பக்கம் இறங்கும். ஜன்னலுக்கு வெளியே மலை அப்படித்தானே நிற்கிறது, அவர்களை என்ன சொல்ல. ஒருவன் உச்சியில் சிவப்புப் பென்சிலால் தீபமே ஏற்றியிருந்தான்.

"என்னடா இது?"

"ஆலையோட கார்த்திகை மாச உற்பத்தி சார்."

வேலூரிலிருந்து ஞானம் பெற்றுத் திரும்பியவன், வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தேன். "புத்தகத்த மூடுங்க. நம்ம ஊர்ல தினம் மாறுற எதையாவது ஒரு மாசம் குறிச்சு வரைஞ்சுட்டு வாங்க. நேரம் குறிக்கிறவங்க எல்லாம் ஒன்பது மணியிலிருந்து ஆரம்பிக்கணும். ஒரு சென்டிமீட்டருக்கு அஞ்சு நிமிஷம். ஆளுக்கொரு அளவுத்திட்டம் வெச்சா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியாது, தெரிஞ்சுதா?"

தெரிந்தது. ரொம்ப நன்றாகவே தெரிந்தது. இரண்டு குழுக்கள் நேரம் குறிப்பதாகச் சொன்னார்கள். எதன் நேரம் என்று நான் கேட்கவில்லை. மாதம் முழுக்க ஒருநாளாவது அவர்கள் தாளைப் புரட்டிப் பார்க்கவும் இல்லை. "தலைப்பு பெரிசா இருக்கணும்" என்று மட்டும் நாலைந்து முறை சொன்னேன். தகவலை எப்படி அலசுவது என்று பாடம் நடத்துகிறவனுக்குத் தகவலைப் பார்க்க நேரமில்லை.

அதிகாரி வருகிற அன்று முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். பிள்ளைகள் வரைபடங்களைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த பதற்றத்தில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. என்ன மாட்டியிருக்கிறது என்று அதிகாரியோடு சேர்ந்துதான் நானும் முதல்முறையாகப் பார்த்தேன்.

அவர் ஒல்லியானவர், ஒருகாலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். முதல் தாள், கிணற்று நீர் மட்டம். தலையாட்டினார். இரண்டாவது, "கீழ்பென்னாத்தூர் பஸ் வரும் நேரம்". சைக்கிள் கடைக்காரர் மகனின் குழு. கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கடையில் சுவர்க் கடிகாரம். மூன்றாவது தாளுக்கு நாலு பக்கமும் கோலம் போட்டு, பெரிசாகத் தலைப்பு எழுதியிருந்தார்கள், நான் சொன்னபடியே. "கணக்கு சார் வரும் நேரம்."

அப்பா எடுத்து வைத்திருந்த மண்வெட்டி கண்முன்னே வந்து நின்றது.

"சார், அந்தக் கிணத்து நீர் மட்டத்துல ஒரு விசேஷம் இருக்கு சார்," என்றேன்.

"கிணறு எங்கயும் ஓடிடாதுங்க," என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு தாள்களையும் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரே அளவுத்திட்டம் அல்லவா, அச்சோடு அச்சு அழகாகப் பொருந்தியது. கீழே பஸ்ஸின் கோடு. மேலே என் கோடு.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து இங்க நடக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஏழு நிமிஷம் சார்," என்றது மொத்த வகுப்பும். ஒருநாளும் இப்படி ஒற்றுமையாக வாய்ப்பாடு சொன்னதில்லை.

"பஸ் அஞ்சு, பத்து நிமிஷம்தான் லேட்டு. ஆனா நடுவுல அரைமணி நேரம் இருக்கே. இது என்ன?"

கோலம் போட்ட குழுவின் தலைவி எழுந்தாள். கடைசி பெஞ்ச், நெட்டைப் பெண். "டீக்கடை சார்."

"இந்த ரெண்டு நாள் ஏழு நிமிஷத்துல வந்திருக்காரே?"

"அப்ப டீக்கடைக்காரர் பொண்ணு கல்யாணம் சார். கடை இல்ல."

"வாரத்துல ஒருநாள் மட்டும் கோடு ஏன் இப்பிடி மலையா எழும்புது?"

"வியாழக்கிழமை சார். அன்னிக்குத்தான் வாரப் பத்திரிகை வரும். சார் டீக்கடைல தொடர்கதை படிப்பாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வந்து எங்களுக்கும் கதை சொல்லுவாரு சார். போன வாரம் அந்தப் பொண்ணு வீட்ட விட்டுட்டு வந்து ரயில்வே ஸ்டேஷன்ல நிக்கறா."

சைக்கிள் கடைக்காரர் மகன் தன் பங்குக்கு எழுந்தான். "சார் டீக்கடைக்குள்ள போறதப் பாத்துட்டுத்தான் நான் கடையிலருந்து கெளம்புவேன் சார். நான் வந்தா லேட்டே ஆவாது."

அதிகாரி அந்தப் பெண்ணைப் பார்த்தார். "இத்தனை விஷயம் இருக்க, இத ஏன்மா எடுத்தீங்க?"

"தினம் மாறுறத எழுதச் சொன்னாங்க சார். நல்லா மாறுச்சு."

என் பக்கம் திரும்பினார். "ஹெட்மாஸ்டர் ரூம்ல பாத்தேன், பஸ் லேட்டுன்னு நோட்டுல எழுதியிருக்கீங்களே?"

"பஸ்ஸும் லேட்டுதான் சார்," என்றேன். இந்த 'உம்' எப்படி வந்தது என்று தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பிற்பாடு அறிக்கையை ஹெட்மாஸ்டர் படித்துக் காட்டினார். "மாணவர்கள் புள்ளிவிவரத்தைப் பகுத்தாய்வதில் சிறந்து விளங்குகின்றனர். ஆசிரியரைப் பொறுத்தவரை, இணைப்பைக் காண்க." இணைப்பு, அந்த இரண்டு தாள்கள். நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. அதுவரை வகுப்பு இரண்டு கோடுகளையும் வரைய வேண்டும். நடுவே ஏழு நிமிஷத்துக்குமேல் இருந்தால் மண்வெட்டி.

அந்த மூன்று மாதம் நான் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சைக்கிள் கடைக்காரர் மகன் ஜப்திக்கு வந்த கோர்ட்டு அமீனா மாதிரி பின்னாலேயே வருவான். டீக்கடைக்காரர், "சார், என்னா சார், நம்ம கடை மேல கோவமா?" என்பார். நான் கோபுரத்தைப் பார்த்தபடி கடந்துவிடுவேன். என் பக்தி ஜாஸ்தியாகிவிட்டது என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். வியாழக்கிழமைதான் பயம். அட்டைப்படத்தைப் பார்த்தால் கால் நின்றுவிடும். அதனால் அன்றைக்கு மட்டும் பத்திரிகைக் கட்டு பிரிக்கும் முன்பே முந்தின பஸ்ஸில் வந்துவிடுவேன்.

மூன்று மாதம் கழித்து அதிகாரி மறுபடி தாள்களைப் பிடித்துப் பார்த்தார். கோடுகள் தண்டவாளம் போல ஓடின. வியாழக்கிழமை மட்டும் மலை இருந்த இடத்தில், ஒன்பது மணிக் கோட்டுக்கும் கீழே, பள்ளம்.

"பஸ்ஸுக்கு முன்னாடியே எப்பிடிமா வந்தாரு?"

"பயம் சார்," என்றாள் நெட்டைப் பெண்.

"பயத்த கிராப்ல போட முடியுமா?"

"போட்டிருக்கோமே சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே என்னிடம் கேட்டார், "ஸ்டேஷன்ல நின்ன பொண்ணு என்ன ஆனா?"

"தெரியாது சார். மூணு மாசமா படிக்கல."

சொல்லிவிட்டு மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு வாரம். அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தைகூடப் பிறந்திருக்கலாம்.

"எங்க வீட்ல வாங்குறாங்க சார்," என்றாள் நெட்டைப் பெண். "அவ இன்னும் ஸ்டேஷன்லதான் நிக்கறா. ரயில் லேட்டாம்."