நாலு பூவோடு வந்த காவலர்

டங், டங், டங்! படுக்கையறையில் வெந்நீர்க் குழாய் அலறியது. பாட்டுச் சத்தம் பொறுக்காமல் கீழ்வீட்டு ஃபாயினா தன் வீட்டிலிருந்து கரண்டியால் அடிக்கிறாள். ரோதியோன் வீட்டுச் சமையலறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த நாங்கள் சிரித்தோம். ரோதியோன் அந்தத் தாளத்துக்கே கிதாரை மாற்றிக்கொண்டு பாடினான்.

பெர்ம் நகரில் டிராம் ஓட்டியவன் அவன். கடைசி நிறுத்தத்தில் காத்திருக்கும்போது பாட்டுக் கட்டுவான். வானொலிக்காரர்கள் அவன் குரலைக் கேட்டுவிட்டு, "உன் டிராம் மணியே தேவலை" என்றார்கள். அந்த அவமானத்தையும் பாட்டாக்கினான், ஊரே பாடியது. மேடை கிடைக்காதவனுக்கு எங்கள் சமையலறைகளே மேடை. அனுமதியில்லாமல் கூடிப் பாடுவது குற்றம் என்பதால், அதிகாரி யாராவது வந்தால் பிறந்தநாள் விருந்து என்று சொல்லிவிடுவோம். அந்தக் கணக்கில் அவன் மனைவி தைஸியா அந்த வருஷம் மட்டும் ஏழு தடவை பிறந்திருந்தாள்.

குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது. அழைப்பு மணி அடித்தது.

வாசலில் வட்டாரக் காவலர் பங்க்ராத்தவ். அவருடைய கீச்சிடும் காலணியைக் கிண்டலடித்து ரோதியோன் கட்டிய பாட்டுதான் அப்போது தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேலிடத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். டிராம் வேலையும் போகும், கிதாரும் போகும்.

அவர் கையில் சிவப்புப் பூக்கள். நாலு! எங்கள் ஊரில் இரட்டைப்படையில் பூ கொண்டுபோவது சாவு வீட்டுக்குத்தானே? தைஸியாவின் முகம் வெளுத்தது.

"ஏங்க, உங்களுக்குக் கடைசி மரியாதை செய்ய வந்துட்டாருங்க!"

"அட, அஞ்சுதாம்மா வாங்கினேன். கீழ்வீட்டம்மா புகார் சொல்ல வழிமறிச்சாங்க. ஒண்ணை நீட்டினேன், வாயடைச்சுப் போயிட்டாங்க. உனக்கு மறுபடியும் பிறந்தநாளா? சீக்கிரமே நூறைத் தொட்டுருவ போல!" அவர் தொப்பியைக் கழற்றினார். "ரோதியோன், அந்தப் பாட்டைப் பாடுய்யா. என் பாட்டை."

அவன் கிதாரை எடுத்துப் பாடினான். காலணி முன்னே வரும், காவலர் பின்னே வருவார் என்ற இடத்தில் நாங்கள் அவர் காலணியையே பார்த்தோம். பங்க்ராத்தவின் கண்கள் கலங்கின.

"எங்கம்மாகூட என்னைப் பத்திப் பாடினதில்லய்யா. ஆனா இடது காலு மட்டுந்தான் கீச்சிடும். அதைத் திருத்திக்க."

"மேலிடத்துக்கு என்ன எழுதுவீங்க, ஐயா?"

"பிறந்தநாள்னுதான். வேறென்ன?"

தைஸியா அழுதுகொண்டே ஒரு பூவை உருவி அவர் சட்டையில் செருகினாள். மீதி மூன்றாயிற்று. ரோதியோன் அந்த வரியை அவர் திருத்திச் சொன்னபடியேதான் சாகும்வரை பாடினான்.

விடைபெற்று வெளியே போய்விட்டவரிடம் அவன் உள்ளிருந்தபடியே கை நீட்டினான். பங்க்ராத்தவ் பதறினார். "வாசப்படிக்குக் குறுக்கே கை குடுக்காதய்யா! சண்டை வந்துரும்." மறுபடி உள்ளே வந்து, இறுகக் கை குலுக்கிவிட்டுப் படியிறங்கினார். இடது கால் மட்டும் கீச்சிட்டது.

தைஸியா கதவைச் சாத்தினாள்.