அம்மா வெளுத்த மரத்தளம்

எங்கள் அம்மா பெரியப்பாவோடு நேருக்கு நேர் பேசி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதற்கு முன்பெல்லாம் இருவருக்கும் நடுவில் நான்தான் நிற்பேன். கணவனுடைய அண்ணனோடு பெண்கள் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். "இலை போட்டாச்சுன்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லு" என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்னிடம் சொல்வாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவின் காதில் அது நன்றாகவே விழும். ஆனாலும் நான் போய்ச் சொல்கிறவரை விழாதது போலவே இருப்பார். நான் சொன்னதும், "சரி, வர்றேன்னு சொல்லு" என்பார். அதையும் நான் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். நடுவில் நான் இல்லாவிட்டால் வீடே நடக்காது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஆம்பூரில் அப்போது எங்களுக்கு ஆவாரம் பட்டை மண்டி இருந்தது. தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும். பெரியப்பா மண்டியைப் பார்த்துக்கொள்வார். அப்பா அணைக்கட்டுப் பக்கமும் அதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போய்ப் பட்டை வாங்கி வண்டியேற்றி அனுப்புவார். நாங்கள் இருந்த வீட்டை, ராணிப்பேட்டைக்குக் குடிபோன ஒரு தோல் வியாபாரியிடம் பெரியப்பா வாங்கியிருந்தார். கீழே வீடு. மேலே, சுவர் இல்லாமல், ஓட்டுக் கூரையும் தூண்களும் மட்டும் உள்ள பெரிய மரத்தளம். தேக்குப் பலகைகள். அந்த வியாபாரி அங்கேதான் ஈரத்தோல்களைத் தொங்கவிட்டு உலர்த்தியிருக்கிறார். பல வருஷம் பட்டைச் சாறு சொட்டிச் சொட்டி அந்தப் பலகைகள் அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்துக் கிடந்தன. வெயில் அடித்தால் ஒரு வாடை எழும்பும். நாங்கள் யாரும் மேலே போவதில்லை.

அரக்கோணத்தில் ரயில்வே சரக்கு ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் செய்தி வந்தது. அப்பா போய் அவரை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தார். எனக்குச் சொன்னது காய்ச்சல் என்று. இருமும்போது ரத்தம் வருகிறது என்று அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதும் எனக்குக் கேட்டது. காய்ச்சல் ஜாஸ்தியானால் அப்படியும் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மருந்து பாதிதான், மீதி காற்றும் வெளிச்சமும் என்று டாக்டரம்மா சொன்னாராம். நாலு பக்கமும் திறந்த இடமாக, தினமும் கழுவித் துடைக்கக்கூடிய தரையாக இருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள்தான் வைத்திருப்பார்களாம்.

பாலாற்றங்கரைத் தோப்பில் ஒரு கொட்டகை இருந்தது. சித்தப்பாவை அங்கே வைப்பது என்று பெரியப்பா முடிவு செய்தார். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், வேறு வழியில்லை என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு மறுபடி பட்டை வாங்கப் புறப்பட்டுப் போய்விட்டார்.

அம்மா அன்று சாப்பிடவில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது சித்தப்பா இடுப்பில் அரைஞாண் மட்டும் கட்டிக்கொண்டு திரிந்த சிறுபிள்ளை. தாயில்லாப் பிள்ளை. அவருக்குச் சோறு ஊட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பியவள் அம்மா. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் கதவருகில் நிறுத்தினாள்.

"மாடியில படுக்க வைக்கலாம்னு சொல்லு. நான் சுத்தம் பண்ணிக்கறேன்னு சொல்லு."

சொன்னேன். பெரியப்பா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "மாட்டுத் தோல் ஊறுன பலகை. அது இந்த ஜென்மத்துல வெளுக்காதுன்னு சொல்லு. வேணும்னா செஞ்சு பாக்கட்டும். மழைக்குள்ள முடியலன்னா மேல பட்டை ஏத்திடுவேன்."

மறுநாள் காலையே அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். நானும் ஏறினேன். முதலில் கூட்டினோம். உப்பும் மாட்டு மயிரும் பலகைச் சந்துகளில் கல்லாகக் கெட்டித்திருந்தன. அம்மா பழைய அரிவாள்மணைத் தகட்டால் சுரண்டினாள். நான் தேங்காய் ஓட்டால் சுரண்டினேன். பிறகு வண்ணாரிடம் உவர்மண் வாங்கி வந்து வெந்நீரில் கரைத்து, தேங்காய் நாரால் பலகை பலகையாகத் தேய்த்தோம். ஓடிய தண்ணீர் தார் மாதிரி இருந்தது. அது முற்றத்தில் விழுந்து, வாடை தெருவரைக்கும் போயிற்று. தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா குனிந்த தலை நிமிரவில்லை.

தளம் முழுவதையும் தேய்த்துக் கழுவிக் காயவிட்டோம். காய்ந்ததும் போய்ப் பார்த்தால், அழுக்கு போயிருந்தது. ஆனால் மரம் முன்னைவிடக் கறுத்திருந்தது. உவர்மண் மரத்துக்குள் இருந்த கறுப்பையெல்லாம் மேலே இழுத்துவிட்டது போல இருந்தது. ஆணிகளைச் சுற்றி மை கொட்டினாற்போல வட்டம் வட்டமாகக் கறை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முற்றத்திலிருந்து பெரியப்பா அண்ணாந்து பார்த்து, "முன்னாடி இருந்ததே தேவலன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு" என்றார். நான் அதை மட்டும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் கேட்டிருக்குமே.

அம்மா கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். அவள் கைகளும் கறுத்திருந்தன. இரும்புத் தகடும் பட்டைச்சாறு ஊறிய மரமும் சேர்ந்து உள்ளங்கை ரேகையெல்லாம் மையாகியிருந்தது. எத்தனை கழுவியும் போகவில்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் சித்தி, பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரைக் காலா என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னா தங்கச்சி, இவ்ளோ பேஜாரா உக்காந்துக்கிற?"

அம்மா கைகளைத் திருப்பிக் காட்டினாள். காலா உள்ளே போய் ஒரு நாரத்தங்காயை இரண்டாக வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க வூட்டு ஆளு தோல் பதனிடுற ஷாப்புலேருந்து கறுப்புக் கையோட வந்தா இதான் குடுப்பேன். தேய்ச்சுப் பாரு."

அம்மா தேய்த்தாள். கறுப்பு இளகிச் சாம்பலாகி, தண்ணீர் ஊற்றியதும் போய்விட்டது. உள்ளங்கை வெளுத்தது. அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக அண்ணாந்து மாடியைப் பார்த்தாள்.

"மரமும் அதே சாறைத்தானே குடிச்சிருக்குது" என்றாள்.

காலாவும் மாடியைப் பார்த்தார். "எங்க நாரத்தை மரத்துல கீழ விழுந்து அழுகிப் போறது மட்டுமே கூடை கூடையா இருக்குது. எடுத்துக்கோ. கம்மியாப் போச்சுன்னா சொல்லு, எங்க நாத்தனா வூட்லயும் மரம் இருக்குது."

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஊறுகாய் போடுகிற வீடு மாதிரி ஆகிவிட்டது. காலா வீட்டுப் பெண்களும் நானும் சேர்ந்து நாரத்தங்காய்களை வெட்டிப் பிழிந்தோம். அம்மா சாற்றைத் தண்ணீரில் கலந்து, பலகையில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நாரால் மரத்தின் ரேகை போகிற போக்கில் தேய்த்தாள். குறுக்கே தேய்த்தால் என்னைத் திட்டினாள். என் கைகளில் இருந்த சின்னச் சின்னக் கீறலெல்லாம் தீயாக எரிந்தது. ஆனால் விட மனசில்லை. ஏனென்றால் பலகை எங்கள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தது. கறுப்பு பழுப்பாயிற்று. நல்ல தண்ணீர் விட்டு அலசியதும் உள்ளேயிருந்து தேன் நிறத்தில் ஒரு மரம் வெளியே வந்தது. அப்படி ஒரு நிறம் அதற்குள் இருந்ததென்று எங்களுக்கு எப்படித் தெரியும். ஆணியைச் சுற்றியிருந்த வட்டங்கள் மட்டும் லேசில் போகவில்லை. அம்மா அவற்றின்மேல் நாரத்தைத் தோலைக் கவிழ்த்து வைத்து, கல்லைப் பாரம் வைத்து, மறுநாள் எடுத்துத் தேய்த்தாள். அவளுக்கு முதுகு நிமிராது. இடுப்பில் கையை வைத்து ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விடுவாள்.

தளம் முழுவதும் வெளுத்து, புளிப்புப் போக அலசி, காய்ந்துகொண்டிருந்த நாளில் வடக்கே மேகம் கட்டியது. மத்தியானம் பட்டை வண்டிகள் வாசலில் வந்து நின்றன. மண்டியில் இடமில்லை. வண்டிக்காரர்கள் தோளில் பட்டைக் கட்டுகளோடு மாடிப்படியடிக்கு வந்தார்கள்.

அம்மா படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையில் தேங்காய் நார். எழுந்திருக்கவில்லை. அவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டோடு நின்றார்கள். ஒருவன் போய்ப் பெரியப்பாவை அழைத்து வந்தான்.

"மழை வருது. வழி விடச் சொல்லு" என்றார் பெரியப்பா என்னிடம்.

"இன்னும் எண்ணெய் பூசல. இப்ப பட்டை ஏறினா மறுபடி கறுத்துடும்னு சொல்லு" என்றாள் அம்மா.

நான் இவரிடமும் அவளிடமும் மாறி மாறிச் சொன்னேன். அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு பாய் நீளம்கூட இல்லை.

"இத்தனை பட்டைய எங்க எறக்கறதுன்னு கேளு."

"தோப்புக் கொட்டகை சும்மாதானே கெடக்குது, அங்க எறக்கச் சொல்லு."

"அந்தக் கொட்டகை ஒழுகும். பட்டை நனைஞ்சா எவன் வாங்குவான்னு கேளு."

நான் அம்மா பக்கம் திரும்பினேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, எனக்கு மேலாகப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒழுகும்னு தெரிஞ்சுதானே மாமா, அவனை அங்க படுக்க வைக்கணும்னு சொன்னீங்க?"

குரலை உயர்த்தவில்லை. வண்டிக்காரர்கள் தெருப்பக்கம் பார்த்தார்கள். என் வேலை போய்விட்டதுபோல எனக்குத் திகைப்பாக இருந்தது. பெரியப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வண்டிக்காரர்களிடம், "மாடுங்களை வெளிய கட்டிட்டு, மாட்டுக் கொட்டாயில எறக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார்.

அன்று பெய்த மழை சாரலாகத்தான் உள்ளே வந்தது. அம்மா அதைத் துணியால் ஒற்றி எடுத்தாள். மறுநாள் மண்டி ஆள் ஒருவன் ஆளிவிதை எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பெரியவர் கொடுக்கச் சொன்னார் என்றான். அம்மா எண்ணெயைக் காய்ச்சி, சலித்த காவியை அதில் குழைத்தாள். இவ்வளவு பாடுபட்டு வெளுத்த மரத்தின்மேல் சிவப்பைப் பூசுவதா என்று நான் சண்டை போட்டேன்.

"அழுக்கு மேல பூசினா அழுக்கையும் சேத்து உள்ள வச்சுப் பூட்டின மாதிரி" என்றாள் அம்மா. "இப்ப பூசினா தண்ணி உள்ள எறங்காது. தெனம் கழுவலாம்."

துணிப் பந்தால் பூசிப் பூசித் துடைத்தோம். மரத்தின் ரேகை மறையாமல் உள்ளே தெரிய, தளம் செம்மண் நிறத்தில் மினுமினுத்தது. நன்றாகக் காய்ந்து கையில் ஒட்டாமல் ஆன பிறகு சித்தப்பா ரயிலில் வந்து இறங்கினார். அவரை அப்பா தாங்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏற்றினார். பெரியப்பா படியடியில் நின்று செருப்பைக் கழற்றினார். மேலே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்றோடு எனக்கு மாடிக்குப் போகத் தடை. எந்தத் தளத்தைத் தேய்த்து என் விரல் தோலெல்லாம் உரிந்ததோ, அதில் ஒரு தடவை ஓடிப் பார்க்கக்கூட அம்மா விடவில்லை. அவள் மட்டும் தினமும் வெந்நீரோடு ஏறுவாள், கழுவுவாள், துடைப்பாள், இறங்கி வந்து குளிக்காமல் என்னையோ தம்பியையோ தொடமாட்டாள். அம்மாவுக்குப் பிள்ளைகளைவிட அந்தத் தரைதான் உசத்தி என்று காலா வீட்டில் போய்ச் சொல்லி அழுதேன். காலா என் தலையைத் தடவினார். நான் முற்றத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து சித்தப்பாவோடு பேசுவேன். அவர் தூணில் சாய்ந்துகொண்டு கீழே பார்த்துச் சிரிப்பார். மழைக்காலம் போய், பனி போய், மறு கோடையில் யாரும் தாங்காமல் அவரே படியிறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அது எப்படிப்பட்ட நோய், பக்கத்தில் இருப்பவரை அது என்ன செய்யும் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சித்தப்பா மேலே இருந்த அந்த மாதங்களில் அம்மா தினமும் காலையில் முற்றத்து வெயிலுக்கு வருவாள். ஒரு வெள்ளைத் துணியை வாயில் வைத்து இருமுவாள். பிறகு அந்தத் துணியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தரையைத் துடைத்த துணியைத்தான் அப்படிப் பார்க்கிறாள், காவி ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"சாயம் ஒட்டுதாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அம்மா துணியை நாலாக மடித்துக்கொண்டாள்.

"இல்லடி. ஒட்டல."

நாங்கள் பூசிய காவி அவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது.